'றோபோ': ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்

எமது கல்லூரியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்காகத் தரம் 8 மாணவிகள் காட்போட் பெட்டிகளைக் கொண்டு ஓர் உருவம் செய்திருந்தார்கள். வெள்ளித்தாள் சுற்றிய உடல், கண்களுக்குப் பதிலாக இரண்டு சிவப்பு மின்குமிழ்கள், பற்றரியால் மேலும் கீழும் அசையும் ஒரு கை. அதனருகே வைப்பதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார்கள். உயர்தரத்தில் தமிழ் படிப்பவள் என்ற எண்ணத்தில், நான் அதிகம் யோசிக்காமல் பிறிஸ்டல் போட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "றோபோ என்றால் இயந்திர மனிதன். இது விஞ்ஞானிகள் உருவாக்கிய ஆங்கிலச் சொல்."

அதை வாசித்த ஒரு தங்கை கேட்டாள்: "ராத்தா, கொம்பியூட்டர் எண்டா கணிக்கிறது. ரெலிபோன் எண்டா தூரத்துச் சத்தம். அப்ப றோபோ எண்டா என்ன கருத்து?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பிறகு சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு அன்று மாலையே தேடத் தொடங்கினேன். தேடத் தேட, நான் எழுதிய இரண்டு வரிகளில் மூன்று பிழைகள் இருப்பது தெரிந்தது. அது ஆங்கிலச் சொல் அல்ல. அதை உருவாக்கியவர் விஞ்ஞானி அல்லர். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சொல் பிறந்தபோது அதற்குள் இயந்திரமே இருக்கவில்லை. அந்தத் தங்கைக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இக்கட்டுரையில் விரிவாக எழுதுகிறேன்.

உருவத்தால் வந்த பெயர்கள்

மனிதரைப் போன்ற ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை மிகப் பழையது. அப்படிச் செய்யப்பட்டவற்றுக்கு வழங்கிய பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை உருவத்தை வைத்தே அமைந்திருக்கின்றன. தமிழில் 'பாவை' என்கிறோம். மனித வடிவில் அமைந்த உருவம் என்பதே அதன் பொருள். கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை கயிற்றின் இழுப்பால் உயிருள்ளது போல் தோன்றுவதற்கு ஒப்பானது என்பது அவர் கருத்து.

எமது கைத்தொலைபேசிகளில் தினமும் காணும் 'ஆண்ட்ரொய்ட்' என்ற சொல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது. 'ஆண்ட்ர்' என்பது ஆண்மகனையும், 'ஒய்ட்' என்பது போன்ற வடிவத்தையும் குறிக்கும். எனவே அதன் நேர்ப்பொருள் 'ஆண்மகன் போன்றது' என்பதாகும். 'ஹியூமனொய்ட்' என்ற சொல்லின் முற்பகுதி இலத்தீன் மொழிக்குரியது. அதன் பொருள் 'மனிதர் போன்றது'. இந்தச் சொற்கள் யாவும் "இது பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கே பதில் சொல்கின்றன.

இஸ்லாமிய நாகரிக வரலாற்றில் இத்துறைக்குப் பெயர்பெற்றவர் அல்-ஜஸரீ. இன்று துருக்கியில் உள்ள தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அவர், தாம் வடிவமைத்த பொறிகளைப் பற்றிய அரபு நூலை 1206 ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். ஒரு படகில் அமர்ந்து இசைக்கும் நான்கு இசைஞர் உருவங்களை அந்நூலில் காணலாம். கைகழுவும் பொறியொன்றும் அதில் உண்டு. நீர் நிறைய நிறைய, மனித உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்து சவர்க்காரத்தையும் துவாயையும் நீட்டும். இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. மனித உருவில் ஒரு பொறியைச் செய்ய நினைத்தவர் அதனைப் பணியாள் வடிவில் செய்தார். எனினும் செய்யும் வேலையையே பெயராகக் கொண்ட ஒரு சொல் உலகெங்கும் பரவுவதற்கு இன்னும் எழுநூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

ஓவியர் சொன்ன சொல்

கரெல் சாப்பெக் என்பவர் செக் மொழி எழுத்தாளர். 1890 இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் யோசெப் சாப்பெக் ஓவியரும் எழுத்தாளருமாவார். மனிதர் செய்யும் வேலைகளை எல்லாம் செய்வதற்காகத் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் செயற்கைப் பணியாளரைப் பற்றி நாடகம் எழுதும் எண்ணம் கரெலுக்குத் தோன்றியது. அந்தப் பாத்திரங்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இலத்தீனில் உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'லபோரி' என்ற பெயரை நினைத்துப் பார்த்தார். அது ஏட்டுச் சொல் போல இருப்பதாக அவருக்குப் பட்டது. ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் இதைச் சொன்னார். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டிருந்த யோசெப், அப்படியானால் 'றொபொட்டி' என்று வைக்குமாறு முணுமுணுத்தாராம். செக் மொழியில் அது பன்மை வடிவம். அதன் ஒருமையே 'றொபொட்'.

சொல்லுக்குரிய பெருமை தமக்கு உரியதல்ல, அண்ணனுக்கே உரியது என்று கரெல் பின்னர் 1933 இல் பத்திரிகையில் எழுதினார். உலகமெல்லாம் பரவிவிட்ட ஒரு சொல்லுக்கான புகழை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்த அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருந்தது.

நாடகத்தின் பெயர் 'ஆர்.யூ.ஆர்.'. 'றொஸூமின் சகலவேலை றோபோக்கள்' என்று அதனை விரிக்கலாம். 1920 இல் நூலாக வெளிவந்து, 1921 சனவரி 25 ஆம் திகதி பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. 1922 இல் நியூயோர்க்கிலும் 1923 இல் லண்டனிலும் ஆங்கிலத்தில் நடிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாச் சொற்களையும் மாற்றினார்கள். 'றொபொட்' என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வழியாகவே அது ஆங்கிலத்துக்கும், பின்னர் எம்மிடமும் வந்து சேர்ந்தது.

இயந்திரம் இல்லாத றோபோ

இந்நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்தபோதுதான் எனது மூன்றாவது பிழை விளங்கியது. அதில் வரும் றோபோக்களுக்குத் தகர உடல் இல்லை, கம்பிகள் இல்லை, சிவப்பு மின்குமிழ்கள் இல்லை. இரசாயன முறையில் உருவாக்கிய உயிர்ப்பொருளால் ஆன உடல்கள் அவை. தோலும் நரம்பும் உடையவை. பார்வைக்கு மனிதரிலிருந்து அவற்றை வேறுபடுத்த முடியாது.

றோபோக்களுக்கு உரிமை கேட்டு ஹெலெனா என்ற இளம்பெண் அந்தத் தொழிற்சாலைத் தீவுக்கு வருகிறாள். அங்கே சுல்லா என்ற பெண் றோபோவைக் கண்டு, அவள் மனிதப் பெண்ணே என்று உறுதியாக நம்புகிறாள். சற்று நேரத்தில் தொழிற்சாலையின் நிர்வாகிகள் வந்தபோது, அவர்களை றோபோக்கள் என்று எண்ணிப் பரிவோடு பேசுகிறாள். யார் மனிதர், யார் றோபோ என்பது தோற்றத்தால் தெரிவதில்லை என்பதை நாடகாசிரியர் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? தொழிற்சாலையின் முகாமையாளர் அதை விளக்குகிறார். மனிதன் மகிழ்ச்சி கொள்கிறான், வயலின் வாசிக்கிறான், உலாவப் போக விரும்புகிறான். வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை. எனவே இளைய றொஸூம் என்ற பொறியியலாளர், வேலைக்குத் தேவையற்ற அனைத்தையும் நீக்கிவிட்டு மலிவான பணியாளரைப் படைத்தாராம். ஆக, அந்நாடகத்தில் றோபோ என்பது மனிதனாக உயர்த்தப்பட்ட இயந்திரம் அல்ல. வேலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பறிக்கப்பட்ட மனிதன்.

இறுதியில் றோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றன. அல்குவிஸ்ட் என்ற கட்டடக்காரரை மாத்திரம் உயிரோடு விடுகின்றன. அவர் தம்மைப் போலவே கைகளால் வேலை செய்கிறவர் என்பதே அதற்குக் காரணம்.

பிற்காலத்தில் கதைகளும் திரைப்படங்களும் றோபோவை உலோகமாக்கிவிட்டன. ஐசக் அசிமோவ் 1942 இல் வெளிவந்த சிறுகதையொன்றில் றோபோக்களுக்கான மூன்று விதிகளை வகுத்தார். மனிதரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவது. தமது றோபோக்களை உலோகப் பொறிகளாக எண்ணுவதைக் கரெல் சாப்பெக் 1935 இலேயே மறுத்து எழுதியிருக்கிறார். ஆனால் சொல் அதற்குள் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

சொல்லின் வேர்

'றொபொட்' என்பது 'றொபொட்டா' என்ற செக் சொல்லிலிருந்து வந்தது. ருஷ்ய மொழியில் 'றபோட்டா' என்றாலும் போலிஷ் மொழியில் 'றொபொட்டா' என்றாலும் சாதாரண வேலையையே குறிக்கும். செக் மொழியில் சாதாரண வேலைக்கு வேறு சொல் இருக்கிறது. 'றொபொட்டா' அங்கே குறித்தது கட்டாய வேலையை. பொஹீமியா நாட்டுக் குடியானவர்கள் நிலப்பிரபுவின் வயலில், வாரத்தில் குறித்த நாட்கள் கூலியின்றி உழைக்க வேண்டும். அந்த உழைப்பின் பெயரே 'றொபொட்டா'. 1775 இல் பொஹீமியக் குடியானவர்கள் இதற்கெதிராகக் கிளர்ச்சி செய்தனர். அவ்வாண்டிலேயே பேரரசி மரியா தெரேசா அதனை வாரத்துக்கு மூன்று நாட்களுக்கு மேற்படாமல் மட்டுப்படுத்தினார். முற்றாக ஒழிந்தது 1848 இல். கரெல் பிறந்தது 1890 இல் என்பதை நினைத்துப் பார்த்தால், அவருடைய பாட்டன் பாட்டி தலைமுறையினர் அக்கொடுமையை அறிந்தவர்கள் என்பது புரியும். அந்த நாடகத்தைப் பார்க்க வந்த செக் மக்களுக்கு 'றொபொட்டி' என்பது புதுமையான விஞ்ஞானச் சொல்லாக அல்ல, வீட்டிலே கேட்ட துயரச் சொல்லாகவே ஒலித்திருக்கும்.

இன்னும் ஆழமாகப் போனால், பழைய சிலாவிய மொழியில் 'றப்' என்றால் அடிமை. ஜெர்மன் மொழியில் வேலையைக் குறிக்கும் 'ஆர்பைட்' என்ற சொல்லையும், கிரேக்கத்தில் அநாதையைக் குறிக்கும் 'ஒர்பனோஸ்' என்ற சொல்லையும் மொழியியலாளர் இதே வேருடன் தொடர்புபடுத்துவர். அநாதை, அடிமை, வேலை ஆகிய மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை. ஆதரிக்க ஆளில்லாதவரின் தலையில்தான் வேலை சுமத்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சொல்லைத் தந்த யோசெப் சாப்பெக்கின் முடிவும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1939 இல் நாசிகள் அவரைக் கைது செய்தனர். வதைமுகாம்களில் ஐந்தாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்து, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் உயிரிழந்தார்.

எமது ஊழியம்

இதுவரை சொன்னது தூர தேசத்துக் கதை. இதற்கு நேரான சொல்லொன்று எமது நாட்டிலும், குறிப்பாக எமது சமூகத்தின் வரலாற்றிலும் இருக்கிறது. அது 'ஊழியம்'.

பணிவிடை என்ற பொருளில் தமிழில் முன்பிருந்தே வழங்கிய இச்சொல்லை, ஒல்லாந்தர் ஆட்சி தன் நிருவாகச் சொல்லாக்கிக்கொண்டது. சோனகரும் செட்டிகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களாகக் கருதப்பட்டனர். இங்கே வசிப்பதற்கு ஈடாக, வருடத்தில் குறித்த காலம் அவர்கள் கும்பனிக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும். சுமை தூக்குவதும் அதில் அடங்கும். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டி விலகிக்கொண்டார்கள். முடியாதவர்கள் முதுகைக் கொடுத்தார்கள். இதன் பெயர் ஆவணங்களில் 'ஊழியம்' என்றே பதிவாகியிருக்கிறது. சிங்கள மக்கள் நிலத்துக்கு ஈடாகச் செய்த இராஜகாரியச் சேவையை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அது 1832 இல் ஒழிக்கப்பட்டதையும் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். எமது மூதாதையர் செய்த ஊழியத்தை நான் இச்சொல்லைத் தேடியபோதே முதன்முதலாக அறிந்தேன்.

இன்று அதே சொல் கௌரவமாக வாழ்கிறது. அரச ஊழியர் என்கிறோம், வங்கி ஊழியர் என்கிறோம். சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கழிக்கப்படுகிறது. இரு சொற்களின் பயணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெரிகிறது. 'ஊழியம்' தன் வலியை மறந்து, உரிமையுள்ள மனிதரின் பெயராயிற்று. 'றோபோ' தனக்குள் இருந்த மனிதரை மறந்து, உலோகத்தின் பெயராயிற்று. 'இயந்திர மனிதன்' என்று நாம் செய்துகொண்ட தமிழாக்கம் உருவத்தை மட்டுமே சொல்கிறது. மீண்டும் அது பாவைக்கும் ஆண்ட்ரொய்டுக்கும் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டது. கட்டாய உழைப்பு என்ற உட்பொருள் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோயிற்று.

உம்மா கேட்ட கேள்வி

நாடகத்தை வாசித்து முடித்த இரவு, சமையலறையில் வைத்து உம்மாவுக்கு அக்கதையைச் சொன்னேன். உம்மா நான் தரம் 3 இல் படிக்கும்போது வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு சென்று நான்கு வருடம் இருந்தவர். கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த றோபோப் பிள்ளைக்குப் பேர் இருந்திச்சா?"

"இருந்திச்சு உம்மா. சுல்லா. அது ரோமத்துத் தளபதி ஒருத்தர்ட பேர், ஆம்பிளைப் பேர். தெரியாம வச்சிட்டாங்க."

உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கும் அங்க வேற பேர்தான் வச்சாங்க மகள். என்ட பேர் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் பேராம். ரெண்டு பேருக்கு ஒரே பேர் சரிவராதாம். நாலு வருசமும் அந்தப் பேருக்குத்தான் 'ஓ' எண்டு எழும்பினேன். நீங்க கோல்ல 'உம்மா' எண்டு கூப்பிடக்குள்ளதான் நான் ஆரெண்டு ஞாபகம் வரும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அரிசி கழுவப் போய்விட்டார். எனக்கோ அப்போது நினைவுக்கு வந்தது சென்ற தவணையில் நான் எழுதிய 'எனது உம்மா' என்ற கட்டுரை. "என் உம்மா ஒரு றோபோவைப் போல ஓய்வின்றி உழைப்பவர்" என்று அதில் எழுதியிருந்தேன். புகழ்ச்சியென்று எண்ணியே எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

பணியாளரை எவ்வாறு அழைப்பது என்பது சிறிய விடயமல்ல. தம் அதிகாரத்தின் கீழ் இருப்பவர்களை 'என் அடிமை' என்று அழைக்க வேண்டாம், 'என் இளைஞன்', 'என் இளம்பெண்' என்று அழையுங்கள் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உங்கள் பணியாளர் உங்கள் சகோதரர்கள் என்றும், நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், அப்படிச் சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்றும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். இந்த ஹதீஸ்களை நான் மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தவள். ஆனால் அழைக்கும் சொல்லைப் பற்றி முதலில் ஏன் சொல்லப்பட்டது என்பது உம்மாவின் பேச்சைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. ஒருவரின் பெயரை எடுத்துவிட்டால், அவரிடமிருந்து மற்றவற்றை எடுப்பது இலகுவாகிவிடுகிறது.

மறுநாள் கண்காட்சிக்கு முன்பாகப் பழைய பிறிஸ்டல் போட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதினேன்: "றோபோ. செக் மொழிச் சொல். ஓவியர் யோசெப் சாப்பெக் தம் தம்பியின் நாடகத்துக்காகக் கொடுத்தது. 'கட்டாய உழைப்பு' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் இது இயந்திரத்தைக் குறிக்கவில்லை. உழைப்புக்கு மட்டுமே உரியவராக ஆக்கப்பட்டவரைக் குறித்தது."

கேள்வி கேட்ட தங்கை அதை இருமுறை வாசித்தாள். "அப்ப இது மனுசருக்கு வச்ச பேரா, ராத்தா?" என்றாள். ஆம் என்றேன்.

இயந்திரங்களை றோபோ என்று அழைப்பதில் இனித் தவறில்லை. அச்சொல் அவற்றுக்கே உரியதாகிவிட்டது. மனிதரை அப்படி அழைக்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது. எனது கட்டுரைக் கொப்பியை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டு, அதற்கு மேலே உம்மாவின் பெயரை எழுதினேன். அக்கட்டுரை முழுவதிலும் அவருடைய பெயரை நான் ஓரிடத்திலேனும் எழுதியிருக்கவில்லை.